வெள்ளக் காலத்தில் கால்நடைகளை மீட்டுக் கொண்டுசேர்க்கும் முறை

(பேரையூர் வட்டாரத்துக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்கத்தக்கது)

பேரையூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் வறட்சியை நன்கறிந்தவர்கள். மழை பொய்த்த வருஷத்தில் தட்டையைச் சிக்கனமாய்ப் போட்டு மாட்டைக் காப்பதும், மந்தையை மலையடிவாரத்திற்கு ஓட்டிச் செல்வதும் அவர்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டிய காரியங்களல்ல. வெள்ளத்தைப் பற்றியோ அவர்கள் அவ்வளவாகக் கருதுவதில்லை. கரிசல் காட்டில் வெள்ளமா என்று நகைப்போரும் உண்டு. இந்த எண்ணத்தாலேயே, பெருமழை பெய்யும் இரவில் கால்நடைகளை எங்கே ஓட்டுவது, யார் ஓட்டுவது, எந்த வழியாய் ஓட்டுவது என்ற ஏற்பாடு பெரும்பாலான கிராமங்களில் இல்லாதிருக்கிறது. அவ்வேற்பாட்டைக் கோடையிலேயே செய்துகொள்ள வேண்டியதன் அவசியத்தையும், செய்யும் முறையையும் இவ்வியாசத்தில் கூறுவோம்.

வறண்ட சீமையிலும் வெள்ளம் வரும்

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லாவில் பெய்த மழையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த ஜில்லாவுக்கு ஒரு வருஷம் முழுவதிலும் கிடைக்கும் சராசரி மழையைவிட இது மிகுதி. திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை கடந்தது, குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்ற ரயில் வண்டியிலிருந்து பிரயாணிகளை மீட்பதற்கே இரண்டு நாள் சென்றது. மனிதரை மீட்பதே இவ்வாறு அரிதாயிருக்க, கட்டுத்தறியில் நின்ற மாடுகளின் கதியும், பட்டியில் அடைபட்ட ஆடுகளின் கதியும் சொல்ல வேண்டுவதில்லை. ஏராளமான கால்நடைகள் மாண்டன. அந்த ஜில்லாவின் மேற்குப் பகுதியும் நம்முடைய நிலத்தைப் போன்ற கரிசலே என்பதை நாம் மறக்கலாகாது.

நம் பக்கத்திலும் ஓடைகள் திடீரெனப் பெருகுவதுண்டு. 2015-ஆம் வருஷம் மே மாதத்தில் சதுரகிரி மலையில் பெய்த மழையால் ஓடை பெருகி, யாத்திரிகர் சிலர் உயிரிழந்தனர். அம்மலைத் தொடரிலிருந்து இறங்கும் ஓடைகள் சாப்டூர்ப் பக்கமாகச் சமவெளியை அடைகின்றன. மேற்கே மலையில் பெய்யும் மழை கண்ணுக்குப் புலப்படாது. ஊரில் தூறலுமில்லாத வேளையில் ஓடையில் நீர் வந்துவிடும். வருஷத்தில் பதினொரு மாதம் வறண்டு கிடக்கும் ஓடையாதலால் அதன் கரையிலேயே தொழுவமும் பட்டியும் அமைத்துவிடுகிறோம். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மானாவாரிக் காட்டில் பயிர் நிற்பதால், செம்மறி மந்தைகள் புறம்போக்கிலும் ஓடைக்கரையிலும் கண்மாயின் உட்புறத்திலும் அடைபடுவதுண்டு. வெள்ளம் முதலில் வந்துசேரும் இடங்களும் இவையே.

கட்டியிருக்கும் கயிறே முதல் அபாயம்

வெள்ளத்தில் இறக்கும் மாடுகளில் பல நீந்த அறியாமல் இறப்பவையல்ல. மாடும் எருமையும் இயல்பாகவே நீந்த வல்லவை. தலைக்கயிறு முளையோடு கட்டுண்டு நிற்பதால், நீர் மூக்குக்கு மேல் ஏறும்போது தலையை உயர்த்த மாட்டாமல் அவை மாள்கின்றன. அவிழ்த்து விடப்பட்ட மாடு மேட்டை நாடிச் சென்று பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. ஆதலின், வெள்ள எச்சரிக்கை கிடைத்து, மாடுகளை அப்புறப்படுத்தச் சாவகாசமில்லாமற் போனால், கயிற்றை அவிழ்த்து, தொழுவத்தின் படலைத் திறந்துவிடுவதே முதற் கடமையாம். கயிற்றை அறவே நீக்கிவிட வேண்டும். கழுத்திலிருந்து நீளமாய்த் தொங்கவிட்டால் அது முள்ளிலும் வேலியிலும் சிக்கி, அவிழ்த்த பயனைக் கெடுத்துவிடும்.

இக்காலத்தில் வழங்கும் நைலான் கயிறு நனைந்து இறுகிவிட்டால் கையால் அவிழ்க்க இயலாது. மழைக்காலம் முழுவதும் நுனியை இழுத்தவுடன் அவிழும்படியான முடிச்சையே போடுவதும், தொழுவத்துத் தூணில் ஒரு கதிரறுக்கும் அரிவாளைச் செருகி வைப்பதும் செலவில்லாத காரியங்கள். ஆயினும் நூற்றுக்கணக்கான ரூபாய் மருந்தைக் காட்டிலும் அவை மிகுதியாய் உயிர் காக்கும்.

புயற்காற்றில் அபாயம் வேறு விதமானது. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயலில் கூரை சரிந்தும் மரம் முறிந்து விழுந்தும் கால்நடைகள் மாண்டன. உறுதியற்ற கொட்டகைக்குள் மாட்டை அடைத்து வைப்பதைவிட, மரமும் மின்கம்பியும் இல்லாத திறந்த மேட்டு வெளியில் விடுவது நல்லது.

மாட்டை விட்டு மனிதர் வாரார்

கால்நடைகளை மீட்பது மனிதரை மீட்ட பின்பு, நேரமிருந்தால் செய்யத்தக்க இரண்டாந்தரக் காரியம் என்று அதிகாரிகளிற் சிலர் நினைப்பதுண்டு. அனுபவம் இதற்கு மாறாயிருக்கிறது. தன் ஒரே கறவைப் பசுவைத் தொழுவத்தில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து முகாமுக்கு வரும்படி ஒரு விதவையை அழைத்தால் அவள் எளிதில் இசையாள். இசைந்து வந்தாலும், நள்ளிரவில் பசுவைப் பார்க்க மீண்டும் தண்ணீரில் இறங்குவாள். நூறு ஆடுகளையுடைய கீதாரியும் அவ்வாறே தன் கிடையை விட்டு நகரமாட்டார். அவர்களை மூடர் என்பது தகாது. அவர்களுடைய ஜீவனம் முழுவதும் அங்கே நிற்கிறது.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. 2005-ஆம் வருஷம் அமெரிக்காவில் கத்ரீனா என்னும் புயல் நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்தை மூழ்கடித்தபோது, வளர்ப்புப் பிராணிகளை உடன் கொண்டுவரக் கூடாதென்று தடுக்கப்பட்டதால் அநேகர் வீடுகளை விட்டு வெளியேற மறுத்தார்கள். அடுத்த வருஷமே, அவசர கால ஏற்பாடுகளில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடமிருக்க வேண்டுமென்று அத்தேசத்தில் சட்டம் இயற்றப்பட்டது. கால்நடைக்கு இடம் செய்யாத மீட்பு ஏற்பாடு மனிதரையும் முழுவதும் மீட்காது என்பதே அவர்கள் கற்ற பாடம். நம் கிராமங்களில் நிவாரண முகாமைக் குறிக்கும்போதே, அதற்கருகில் கால்நடை நிற்குமிடத்தையும் குறித்துவிட்டால், ஜனங்கள் முதல் அழைப்பிலேயே புறப்பட்டு வருவார்கள்.

நிவாரணத் தொகையின் அளவு

மாடு இறந்தால் சர்க்கார் பணம் கொடுக்கும் என்று நம்பியிருப்பவர்கள் அதன் அளவை அறிந்திருக்க வேண்டும். 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய சர்க்கார் வகுத்த பேரிடர் நிவாரண விதியின்படி, இறந்துபோன கறவைப் பசு அல்லது எருமை ஒன்றுக்கு 37,500 ரூபாயும், உழவு மாட்டுக்கு 32,000 ரூபாயும், கன்றுக்கு 20,000 ரூபாயும், ஆடு ஒன்றுக்கு 4,000 ரூபாயும் குறிக்கப்பட்டன. ஆனால் ஒரு குடும்பத்துக்குக் கறவையில் பெரிய பிராணி 3 அல்லது சிறிய பிராணி 30 என்ற வரம்பும் அவ்விதியில் உண்டு.

உதாரணமாக, 200 செம்மறிகளையுடைய ஒருவர் மந்தை முழுவதையும் இழந்தாரென்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைக்கக்கூடியது 30 ஆடுகளுக்குரிய 1,20,000 ரூபாய். மற்ற 170 ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. அந்தத் தொகையும் தகுந்த அதிகாரியின் அத்தாட்சி இருந்தால்தான் கிடைக்கும். நீரில் அடித்துச் செல்லப்பட்ட உடலுக்கு அத்தாட்சி பெறுவது எளிதன்று. ஆகவே நிவாரணம் என்பது விழுந்தவனுக்கு ஊன்றுகோலேயன்றி, போன மந்தையைத் திருப்பித் தருவதன்று. ஓர் இரவு முன்னதாக மந்தையை மேட்டுக்கு ஓட்டுவது எந்த நிவாரணத்திலும் பெறமுடியாத லாபமாகும்.

எங்கே ஓட்டுவது?

மழை மிகுந்தவுடன் மாடுகளைக் கண்மாய்க் கரைமேல் ஏற்றுவது பலருடைய வழக்கம். உயரமான இடம் அதுவொன்றே கண்ணுக்குத் தெரிவதால் இவ்வாறு செய்கிறார்கள். இது இரண்டு விதத்தில் கெடுதியானது. நிறைந்த கண்மாயின் நனைந்த கரையைப் பல நூறு குளம்புகள் மிதித்தால் கரை இளகிப் பலவீனப்படும். உடைப்பு எடுத்தால், கரைமேல் நிற்கும் மந்தையும், அதைக் காத்து நிற்கும் ஆளும் ஒருங்கே போவார்கள். உடைப்பு வராவிட்டாலும், இருபுறமும் நீர் சூழ்ந்த கரையில் தீனி கொண்டுபோக வழியிராது.

வங்காள தேசத்தில் 1970-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் வந்த பெரும் புயலுக்குப் பின், கடலோரத்தில் கால்நடைகளுக்கென்றே மண்ணைக் கொட்டி உயர்ந்த திடல்கள் கட்டினார்கள். கோட்டை என்று பொருள்படும் கில்லா என்னும் பெயரால் அவற்றை வழங்குகிறார்கள். புயற்காலத்தில் ஊர் மாடுகளெல்லாம் அத்திடலில் ஏறி நிற்கும். கடலோரத்துக்கு அவ்வளவு உயரம் வேண்டியிருந்தது. நமக்குச் சில அடி உயரமே போதும்.

பேரையூர்ப் பக்கத்தில் இயற்கையான மேடுகளும் பாறைத் தளங்களும் பல கிராமங்களில் இருக்கின்றன. முதலில் அவற்றையே ஆராய வேண்டும். அவ்வித இடமில்லாத ஊரில், கோடையில் கண்மாய் தூர்வாரும்போது எடுக்கும் மண்ணில் ஒரு பகுதியைக்கொண்டு திடல் அமைக்கலாம். வண்டல் முழுவதும் வயலுக்கே போக வேண்டுமென்று குடியானவர் விரும்புவது நியாயமே. ஆயினும் அடியில் கிடக்கும் சத்தற்ற கெட்டி மண் வயலுக்கு உதவாது, திடலுக்கு உதவும். இதற்கு வட்டாட்சியரின் அனுமதியையும் ஊராட்சியின் தீர்மானத்தையும் முன்கூட்டிப் பெறவேண்டும். திடல் நீரோட்டத்தை மறிக்காத இடத்திலும், கெட்டியான பாதைக்கு அருகிலும் இருத்தல் அவசியம். ஊரிலுள்ள முதியோர் கண்டறிந்த மிக உயர்ந்த வெள்ள மட்டத்துக்கு மேல் மூன்றடியாவது உயரமிருக்கட்டும்.

திடலின் பரப்பைக் கணக்கிடுவது எளிது. வளர்ந்த மாடு ஒன்றுக்கு 4 சதுர மீட்டரும், ஆட்டுக்கு 1 சதுர மீட்டரும் வைத்துக்கொள்ளலாம். 100 மாடும் 300 ஆடும் உள்ள ஊருக்கு 700 சதுர மீட்டர் ஆகிறது. தீனி வைக்கவும், ஆட்கள் நடமாடவும், நோயுற்றவற்றைப் பிரித்துக் கட்டவும் இன்னும் 300 சதுர மீட்டர் சேர்த்தால், மொத்தம் சுமார் 25 சென்ட் நிலம் போதும். கிராமம் முழுவதற்கும் 25 சென்ட் என்பது பெரிதன்று. மற்றக் காலத்தில் அதுவே களமாகவும் பயன்படும்.

தொண்டர்களைத் திரட்டுதல்

மீட்புப் படையினர் வெளியிலிருந்து வந்துசேரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வர வேண்டும். அவர்களுடைய முதல் வேலை மனித உயிரைக் காப்பது. உள்ளூரிலேயே பயின்ற ஆட்கள் இருக்கவேண்டும் என்ற கருத்தினால்தான், 2016-ஆம் வருஷத்தில் ஆப்த மித்ரா என்னும் தொண்டர் பயிற்சித் திட்டம் தேசிய அளவில் தொடங்கப்பட்டது. நம் ராஜ்யத்தில் கிராமந்தோறும் முதல்நிலைப் பொறுப்பாளர்களைச் சேர்த்து, அவர்களில் சிலரைக் கால்நடைக்கென்றே பிரித்ததும் இக்கருத்தினாலேயே.

ஒரு நடுத்தரக் கிராமத்துக்குப் பன்னிருவர் கொண்ட குழு போதுமானது. நால்வர் தெருவாரியாகச் சென்று கயிற்றை அவிழ்க்கவும், நால்வர் மந்தையை ஓட்டவும், இருவர் திடலில் நின்று வாங்கிக் கட்டவும், ஒருவர் கணக்கெழுதவும், ஒருவர் செய்தி கொண்டுபோகவும் நியமிக்கப்படலாம். குழுவில் பெண்மக்களும் இருத்தல் நலம். தினமும் பால் கறக்கும் கைக்கு அடங்கும் பசு, பலசாலியான அந்நிய வாலிபனுக்கு அடங்காது. கிடை போட்டுப் பழகிய கீதாரி ஒருவரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருட்டில் மந்தையைச் சிதறாமல் நடத்தும் வித்தையை அவரைப்போல் அறிந்தவர் இல்லை.

தொண்டர்கள் மனத்தில் உறுதியாய்க் கொள்ளவேண்டிய விதி ஒன்றுண்டு. ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் அதில் இறங்கலாகாது. மாட்டைக் காக்கப் போய் ஒரு வாலிபன் மாண்டான் என்ற பழி எந்தக் கிராமத்துக்கும் வேண்டாம். தனியே ஒருவர் செல்வதும், அறுந்த மின்கம்பி கிடக்கும் நீரில் காலை வைப்பதும் கூடாது. வைக்கோற்படப்பிலும் தட்டைக் கட்டுகளிலும் பாம்பு ஏறியிருக்கும். கையை நுழைக்குமுன் கோலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

நடத்திச் செல்வதே முதல் வாகனம்

கால்நடைகளை லாரியில் ஏற்றிச் செல்வதே மீட்பு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். பிராணிகளை ஏற்றிச் செல்லும் 1978-ஆம் வருஷத்து விதிகளின்படி ஒரு சரக்கு வாகனத்தில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது. 120 மாடுகள் உள்ள ஊருக்கு இருபது நடை வேண்டும். ஏற்றி இறக்கித் திரும்ப ஒரு மணி நேரம் என்று கொண்டாலும், ஒரு லாரிக்கு இருபது மணி நேரம் ஆகிறது. அதே 120 மாடுகளையும் எட்டுப் பேர் சேர்ந்து மூன்று கிலோமீட்டர் தூரத்திலுள்ள மேட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிடலாம்.

மேலும் நம்முடையது கரிசல் மண். இரண்டு உழவு மழை பெய்தபின் அதில் எந்த வாகனச் சக்கரமும் உருளாது. வண்டி தொழுவத்துக்கு வராது. மாடுதான் வண்டி நிற்கும் தார் ரோட்டுக்கு வரவேண்டும். ஆதலின் மழை கனப்பதற்கு முன்பே, பகல் வெளிச்சத்திலேயே, நடக்கக்கூடியவற்றை நடத்தி அனுப்பிவிட வேண்டும். இளங்கன்று, நிறைசினை, நொண்டி, நோயாளி ஆகிய நடக்கமாட்டாதவற்றுக்கே வாகனத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

புறப்படும் வரிசையும் முக்கியமானது. முதலில் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் கன்றுகளையும் அனுப்புக. செம்மறியின் ரோமம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடுவதால் அது வெள்ளத்தைத் தாங்காது. குளிரிலும் விரைவில் சோர்ந்துவிடும். முன்கிடா ஒன்றைப் பிடித்து நடத்தினால் மந்தை பின்தொடரும். அடுத்தபடியாகச் சினைமாடுகளும் கறவைகளும், கடைசியில் உழவு மாடுகளும் எருமைகளும் செல்லலாம். தாயையும் கன்றையும் பிரித்தனுப்பினால் தாய் திரும்பி ஓடிவரும். அவற்றை ஒன்றாகவே அனுப்புவது அவசியம்.

தேங்கிய நீரைக் கடக்க நேர்ந்தால் நீந்திப் பழகிய எருமையை முன்னே விட்டு மற்றவற்றைப் பின்னே விடலாம். மாட்டின் மூக்கணாங்கயிற்றை முன்னின்று இழுத்தால் மூக்கு நீரில் அமிழும். நீந்தும் மாட்டின் முன்னால் மனிதர் நிற்பதும் அபாயம்.

வாகனத்தில் ஏற்றும்போது

சரக்கு லாரியின் இரும்புத் தளத்தில் மாட்டின் கால் வழுக்கும். தளத்தில் கயிற்றுப் பாய் அல்லது பலகை பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட வேண்டும். மாடுகள் கூடியமட்டும் எஞ்சின் பக்கம் முகம் வைத்து நிற்கட்டும். வேறு சரக்கை அதில் ஏற்றலாகாது. ஓர் ஆள் உடன் செல்ல வேண்டும். நாலரை அல்லது ஐந்து டன் லாரியில் 40 ஆடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாதென்றும் அவ்விதிகள் கூறுகின்றன. அவசர காலத்தில் விதி எதற்கு என்று கேட்போருக்கு ஒரு விடை உண்டு: நெருக்கி ஏற்றிய லாரியில் கீழே விழுந்த பிராணி மற்றவற்றின் காலடியில் மடிகிறது. வெள்ளத்திலிருந்து காத்ததை லாரியில் கொல்வது மீட்பாகாது. உயரத்தில் ஏற்ற, ரோட்டோர மண்மேட்டை ஒட்டி லாரியின் பின்புறத்தை நிறுத்தினால் போதும்; காலைக் கட்டித் தூக்கி எறிதல் வேண்டாம்.

திடலில் தீனியும் நோய்த்தடுப்பும்

வளர்ந்த மாடு ஒன்று உயிர் தாங்கி நிற்க நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ உலர்தீனியும், 30 லிட்டருக்குக் குறையாத நல்ல தண்ணீரும் வேண்டும். மூன்று நாளைக்கு உரிய தட்டையை ஐப்பசிக்கு முன்பே திடலருகில் படப்புப் போட்டு, தார்ப்பாயால் மூடி வைக்கலாம். வீட்டுக்கு இரண்டு கட்டுத் தட்டை கொடுத்தால் ஊர்ப் படப்பு சேர்ந்துவிடும். நனைந்து பூஞ்சணம் பிடித்த தட்டை நஞ்சுக்குச் சமானம், இரங்கிப் போடலாகாது. பட்டினி கிடந்த மாட்டுக்கு எடுத்த எடுப்பில் தானியத்தையோ சோற்றையோ அள்ளி வைத்தால் வயிறு உப்பி இறக்கும். மழைக்குப்பின் தழைத்து நிற்கும் இளஞ்சோளப் பயிரில் மேயவிடுவதும் ஆபத்தானது; அதிலுள்ள விஷம் சில நிமிஷங்களிலேயே மாட்டைக் கொன்றுவிடும்.

பல தொழுவத்து மாடுகள் ஓரிடத்தில் சேரும்போது நோயும் சேரும். தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வெள்ளம் வந்தபின் போடும் ஊசி உடனே பலன் தராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்மறிகளுக்கு நீலநாக்கு நோய் வருவதுண்டு. அதற்கும் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி முன்னரே தடுப்பூசி போடுவது நலம். வாயிலும் காலிலும் புண்ணுள்ள மாட்டைத் திடலின் கீழ்க்காற்றுப் பக்கத்தில் பிரித்துக் கட்டுக. காலில் புண்ணுள்ள தொண்டர்கள் சேற்றில் இறங்குவதால் எலிக்காய்ச்சல் பிடிக்கக்கூடும். அவர்கள் கால் மூடும் செருப்பணிந்து செல்லவேண்டும். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும், ஜில்லாப் பேரிடர் அலுவலகத்துக்கு 1077 என்ற எண்ணையும் திடலில் எழுதி வைக்கலாம்.

கணக்கும் ஒப்படைப்பும்

வெள்ளம் வடிந்தபின் கிராமத்தில் எழும் சண்டைகளில் பாதி, எந்த மாடு யாருடையது என்பதைப் பற்றியது. இதைத் தடுக்க ஒரு நோட்டுப் புஸ்தகம் போதும். மாட்டின் காதிலுள்ள 12 இலக்க வில்லையின் எண், நிறம், கொம்பின் அமைப்பு, சுழி, உடையவர் பெயர் ஆகியவற்றை மழைக்காலத்துக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். வில்லையில்லாத ஆடுகளுக்கு உடையவர்தோறும் வெவ்வேறு வர்ணப் புள்ளி இடலாம். வெளியூரிலிருந்து வந்து கிடை போட்டிருக்கும் கீதாரியின் மந்தையையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். அவருக்கு இவ்வூரில் வீடுமில்லை, பட்டாவுமில்லை; இப்புஸ்தகத்தில் பெயரும் இல்லாவிட்டால், எச்சரிக்கையும் அவருக்கு எட்டாது, நிவாரணமும் எட்டாது. திடலிலிருந்து ஒப்படைக்கும்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பம் வாங்குக.

இறந்த பிராணியைப் புதைக்குமுன் கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் அறிவித்து, வில்லை தெரியும்படி புகைப்படம் எடுத்து, அத்தாட்சி பெறவேண்டும். பின்பு கிணற்றுக்கும் கண்மாய்க்கும் வரத்துக்கால்களுக்கும் தூரத்தில், ஆறடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம் வடிந்து இறந்திருந்தால் அது அடைப்பான் நோயாயிருக்கலாம். அவ்வுடலை அறுக்கவும் தோலுரிக்கவும் ஒருபோதும் கூடாது.

மாதவாரியாகச் செய்யத்தக்கவை

1. சித்திரை, வைகாசி: மேட்டு நிலத்தைக் குறித்தல், இல்லாவிடில் தூர்வாரும் மண்ணால் திடல் அமைக்க அனுமதி பெறுதல்.

2. ஆனி, ஆடி: தொண்டர் பன்னிருவரை நியமித்தல், கால்நடைக் கணக்கெழுதுதல்.

3. ஆவணி: தடுப்பூசி போடுதல், நடக்கமாட்டாத பிராணிகளுக்கு வாகனம் கொடுக்க இசைவோரைப் பேசி வைத்தல்.

4. புரட்டாசி: தட்டைப் படப்புப் போடுதல், ஒரு நாள் மாலையில் ஊர் மாடுகளை மெய்யாகவே திடலுக்கு ஓட்டிப் பழக்குதல். பழகிய வழியில் மாடு இருட்டிலும் தானே நடக்கும்.

5. ஐப்பசி முதல் மார்கழி வரை: இரவில் அவிழும் முடிச்சிட்டுக் கட்டுதல், ஓடைக்கரையிலும் கண்மாய்க்குள்ளும் கிடை போடாதிருத்தல், மலைப்பக்கத்தில் மேகம் கறுத்தால் சாப்டூர்ப் பக்கத்துக் கிராமத்தார் கீழ்க் கிராமங்களுக்கு உடனே செய்தி அனுப்புதல்.

இவற்றில் பெரும்பொருள் செலவாவது ஒன்றுமில்லை. மிராசுதாரர்கள் கால் ஏக்கர் மேட்டு நிலத்தையும் இரண்டு வண்டித் தட்டையையும் கொடுத்துதவ, கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் கணக்கையும் குழுவையும் ஏற்படுத்தினால், ஏற்பாடு பூர்த்தியாகும். பத்து வருஷம் வெள்ளம் வாராமற் போனாலும் திடல் களமாயிருக்கும், படப்பு மாட்டுக்குத் தீனியாகும், கணக்கு தடுப்பூசிக்கு உதவும். ஒரு வருஷம் வந்துவிட்டாலோ, அன்றிரவில் ஊரிலுள்ள ஏழைக் கறவைகளும் கீதாரியின் மந்தையும் பிழைப்பது, புரட்டாசி மாலையில் நடத்திய அந்த ஒரு பழக்கத்தைப் பொறுத்ததாகும்.